தக்கலையில் கணக்கு மையம் தொடங்க நினைக்கும் தங்கைக்கு

கேள்வி இது: "எம்.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்திருக்கிறேன். தக்கலையில் பிள்ளைகளுக்குக் கணக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கும் மையம் ஒன்று தொடங்க ஆசை. கையில் 2 லட்சம் இருக்கிறது. பெரிய நிறுவனத்தின் கிளை எடுக்கலாமா, தனியாகத் தொடங்கலாமா? ஃபீஸ் எவ்வளவு வைக்கலாம்? இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?"

நடத்த முடியும் தங்கச்சி. ஆனால் முதல் இரண்டு வருஷம் முடியாது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். நாகர்கோவிலில் 16 வருஷமாக இதே வேலையைச் செய்கிறேன். மூன்றாம் வருஷம்தான் வீட்டுச் செலவுக்கு இதிலிருந்து பணம் எடுத்தேன்.

கிளை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நானும் ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டித்தான் தொடங்கினேன். பெயர் வேண்டாம். சேரும்போது ஒரு பெரிய தொகை, அதற்குப் பிறகு மாதாமாதம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பங்கு, புத்தகமும் பையும் அவர்களிடமே வாங்க வேண்டும். பணம் போனதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. மூன்றாம் நிலைப் புத்தகம் வந்துவிட்டால் எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் நிலைக்குப் போயே ஆக வேண்டும் என்பதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. முதல் நிலையிலேயே ஒரு பிள்ளை தடுக்கி நிற்கும்; புத்தகம் அதற்காகக் காத்திருக்காது. அபாகஸ் எனும் மணிச்சட்டம் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளைக் குறை சொல்ல மாட்டேன், கூட்டல் கழித்தலில் வேகம் வரத்தான் செய்கிறது. அந்த வேகத்தை வைத்துக்கொண்டு ஏழாம் வகுப்புப் பின்னத்தையோ இயற்கணிதத்தையோ தாண்ட முடியாது. இரண்டு வருஷத்தில் வெளியே வந்துவிட்டேன்.

இன்று எத்தனையோ நாடுகளில் கிளை பரப்பியிருக்கும் கூமோன் முறை எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். 1954-ல் ஜப்பானின் ஒசாகாவில் டோரு கூமோன் என்ற கணித ஆசிரியர், இரண்டாம் வகுப்பு படித்த தன் மகனுக்காகத் தினம் ஒரு தாளில் கையால் கணக்கு எழுதிக் கொடுத்தார். நேற்று அவன் எதைச் செய்தான் என்று பார்த்துவிட்டுத்தான் இன்றைய தாளை எழுத முடியும். ஒரு பிள்ளை, ஒரு தாள். உங்கள் தொழிலின் மூலதனம் அந்தக் கவனிப்புதான், அதற்கு யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டாம். தனியாகவே தொடங்குங்கள்.

இனி முக்கியமான விஷயம். மதிப்பெண்ணை விற்காதீர்கள். பிள்ளை முதன்முதலில் எந்த இடத்தில் வழி தவறியது என்று கண்டுபிடித்து, அங்கே கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்து திரும்பவும் நடக்க வைப்பதுதான் நாம் செய்யும் வேலை. பெற்றோர் பணம் கொடுப்பது அதற்கு. எத்தனை பிள்ளைகள், என்ன ஃபீஸ், யாரை வேலைக்கு வைப்பது, எல்லாவற்றையும் இதிலிருந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். கடற்கரை ஊர், ஏழாம் வகுப்பு. அம்மா மீன் விற்பவர். விடுமுறை நாளில் அவனும் சந்தைக்குப் போவான், சில்லறை எண்ணிக் கொடுப்பது அவன் வேலை. பள்ளி நோட்டில் 503-லிருந்து 278-ஐக் கழித்து 375 என்று எழுதியிருந்தான். அதே மாதிரிக் கணக்கு இன்னும் நான்கு, நான்கிலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி. "எப்படிப் போட்டே மக்களே?" என்று கேட்டேன்.

"மூணுலேருந்து எட்டு போகாதுல்லா, அதான் எட்டுலேருந்து மூணைக் கழிச்சேன்."

"பக்கத்துல கடன் வாங்கலாமே?"

"பக்கத்துல சைபர் டீச்சர். அதுகிட்ட என்னத்தக் கடன் வாங்க?" கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான்: "கடன் வாங்குனா திருப்பிக் குடுக்கணும்லா? அத எப்பக் குடுப்போம்?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவன் கேட்டது முழுக்க நியாயம். நான்கு வருஷமாக வகுப்பில் கடன் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள், யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. பர்ஸைத் திறந்து ஐந்து நூறு ரூபாய் நோட்டும் மூன்று ஒரு ரூபாய்க் காசும் மேசையில் வைத்தேன். பக்கத்தில் பத்து ரூபாய் நோட்டும் காசும் இருக்கும் டப்பா. "இதுலேருந்து எனக்கு 278 ரூபா தா" என்றேன். சந்தையில் தினம் செய்கிற வேலை அவனுக்கு. ஒரு நூறை டப்பாவில் போட்டுப் பத்துப் பத்து ரூபாய் எடுத்தான். அதில் ஒன்றைப் போட்டுப் பத்துக் காசு எடுத்தான். இப்போது மேசையில் நான்கு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று காசு. எனக்கு எண்ணிக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தான். 225. நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இதுவா டீச்சர் அது?" என்றான். அன்றிலிருந்து எங்கள் மையத்தில் 'கடன் வாங்கிக் கழித்தல்' என்ற சொல்லே கிடையாது. 'சில்லறை மாற்றிக் கழித்தல்' என்றுதான் சொல்கிறோம். சில்லறை மாற்றினால் கையில் இருக்கும் பணம் கூடாது, குறையாது. இடமதிப்பு முழுக்க அதில் வந்துவிடுகிறது.

இப்படிப் பார்க்க ஒரு பிள்ளைக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். சேர வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 20 கணக்கு கொடுங்கள். ஐந்தாம் வகுப்பு வரைக்குமான கணக்குகள் போதும், பத்தாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும் அதேதான். அச்சடித்த தேர்வுத் தாள் வேண்டாம். வெள்ளைத் தாளில் போடச் சொல்லி, அழித்ததையும் பார்க்கிற மாதிரி பேனாவில் எழுத வையுங்கள். 0.35 பெரிதா 0.4 பெரிதா என்று கேளுங்கள். 35 பெரிது என்பதால் 0.35 என்று சொல்லும் பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலும் இருக்கிறார்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதினால் உடனே திருத்தாதீர்கள். ஐந்தில் இரண்டு அரையைவிடப் பெரிதா சின்னதா என்று மட்டும் கேட்டு விட்டுவிடுங்கள். கூட்டின பிறகு குறைந்துபோனது எப்படி என்று அதுவே யோசிக்கும்.

எண்ணைச் சொல்லி எழுத வையுங்கள். தமிழில் ஒன்பதின் பெயர்கள் ஒரு படி மேலே ஏறிப் போகும்: தொண்ணூறில் 'நூறு' கேட்கும், தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' கேட்கும். மேற்கே களியக்காவிளைப் பக்கம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான், அங்கேயும் சொல் இப்படித்தான் இருக்கிறது. காதால் கேட்டு எழுதும் சின்னப் பிள்ளை இங்கே தடுமாறினால் அதை முட்டாள்தனம் என்று நினைக்கக் கூடாது, பிள்ளை மொழியைச் சரியாகக் கேட்டிருக்கிறது. ஆங்கில வழியில் படிப்பவர்களுக்கு வேறு சிக்கல். பள்ளியில் 'ஃப்ராக்‌ஷன்' என்று படிப்பார்கள், வீட்டில் 'முக்கால் கிலோ' என்பார்கள், இரண்டும் ஒன்று என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வகுபடும் எண், வகுஎண், ஈவு, மீதி எல்லாம் இரண்டு மொழியிலும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

வாய்ப்பாடு மனப்பாடம் வேண்டுமா என்று பெற்றோர் கேட்பார்கள். வேண்டும், ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள். திண்ணைப் பள்ளியில் நம் முன்னோர் காணி என்றால் 1/80, முந்திரி என்றால் 1/320 என்று பின்னத்துக்கும் சேர்த்தே எண்சுவடி என்ற வாய்ப்பாட்டை ஒப்பித்தார்கள். ஆனால் 7×8-ஐ ஏழு வரிசையில் எட்டெட்டுப் புளியங்கொட்டையாக ஒரு தடவை அடுக்கிப் பார்த்த பிறகு ஒப்பித்தால் நிற்கிறது.

கணக்குகளை நம் குமரி மாவட்டத்திலிருந்தே எடுங்கள். சென்ட் கணக்கில் நிலம், தோவாளைப் பூவின் விலை, ரப்பர் ஷீட்டின் எடை, மடி வலையில் பட்ட மீனைப் பங்கு பிரிப்பது எல்லாம் பிள்ளைகள் வீட்டில் காது வழியாகக் கேட்டு வளர்ந்தவை. எனக்கு மிகவும் பிடித்தது வள்ளுவர் சிலை. பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133. அறத்துப்பாலுக்கு 38 அதிகாரம், மற்ற இரண்டு பாலுக்கும் சேர்த்து 95 என்று தமிழ் வகுப்பில் படித்திருப்பார்கள். "ஒன்றை விட்டுவிட்டால், இந்த மூன்று எண்ணையும் மிச்சமில்லாமல் வகுக்கும் எண் இன்னொன்று இருக்கிறது, கண்டுபிடி" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். 2, 3, 5, 7 என்று முயன்று பார்த்துவிட்டு "இல்ல டீச்சர்" என்பார்கள். 38-ஐ மட்டும் உடைக்கச் சொன்னால் 19 வரும். பிறகு 95-ல் ஐந்து தடவை, 133-ல் ஏழு தடவை. பீடத்துக்கும் சிலைக்கும் விகிதம் 2:5. சுற்றுலா போய்ப் படகில் நின்று பார்த்த சிலைக்குள் இப்படி ஓர் எளிய விகிதம் இருக்கிறது என்று தெரியும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு விகிதப் பாடத்தைத் தனியாக நடத்தத் தேவையே இருக்காது.

யாருக்குச் சொல்லிக்கொடுப்பது? பெரும்பாலும் 4 முதல் 8-ஆம் வகுப்பு வரை என்று வையுங்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. தெருவுக்கு ஒரு டியூஷன், வீட்டுக்கு ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பத்தாம் வகுப்புக்கு ஆள் பிடிக்கப் போனால் அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒருவர் ஆகிவிடுவீர்கள். நான்காம் வகுப்பில் விழுந்த ஓட்டையை ஐந்தாம் வகுப்பிலேயே அடைப்பவர்கள் குறைவு.

இனி பணம். ஒரு குழுவில் எட்டுப் பேர், அதற்கு மேல் ஒருவரின் நோட்டையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது. மாலை 4.30 முதல் 7.30 வரை மூன்று குழு. ஒரு பிள்ளைக்கு வாரத்தில் மூன்று நாள். திங்கள், புதன், வெள்ளி ஒரு செட், செவ்வாய், வியாழன், சனி ஒரு செட். ஆறு குழுவிலும் ஆள் நிறைந்தால் 48 பேர். மாதம் 700 ரூபாய் என்று வைத்தால் 33,600. ஏப்ரல், மே மாதங்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள், அதனால் வருஷத்துக்குப் பத்து மாத ஃபீஸ் என்றுதான் எண்ண வேண்டும்: 3,36,000. செலவோ பன்னிரண்டு மாதமும் வரும். வாடகை 5,000, உதவிக்கு ஒரு பெண்ணுக்குச் சம்பளம் 6,000, ஜெராக்ஸ், கரண்ட், சில்லறைச் செலவு 3,000. வருஷத்துக்கு 1,68,000. மிச்சம் மாதத்துக்கு 14,000 நிற்கும். ஆறு குழுவில் இரண்டை மட்டும் 9, 10-ஆம் வகுப்புக்கு ஒதுக்கி 1,200 ஃபீஸ் வைத்தால் அது 20,000-ஐத் தாண்டும். முதல் வருஷம் 20 பேர் வந்தாலே நல்ல தொடக்கம், அதற்கு வாடகை இடமும் ஆளும் தேவையில்லை, வீட்டு முன்னறை போதும். 2 லட்சத்தில் 60,000-க்கு மேல் தொடாதீர்கள். வெள்ளைப் பலகை, ஒரு பிரிண்டர், தாழ்வான மேசைகள், அவ்வளவுதான். மீதியை வங்கியில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.

நான் செய்த தவறை நீங்கள் செய்யக் கூடாது. முதல் வருஷம் பத்து மாத ஃபீஸையும் மொத்தமாக வாங்கினேன். அந்தப் பணத்தில் ஏசி போட்டேன், நாற்காலி வாங்கினேன். அரையாண்டில் ஏழு பேர் நின்றார்கள். திருப்பிக் கேட்டபோது கையில் காசு இல்லை. நகையை அடகு வைத்துக் கொடுத்தேன். மாத ஃபீஸ் மட்டும் வாங்குங்கள், ரசீது கொடுங்கள்.

அந்த மாத ஃபீஸும் எல்லா வீட்டிலும் ஒன்றாம் தேதி வராது. சம்பளக்காரர் வீட்டிலும் வளைகுடாவிலிருந்து பணம் வரும் வீட்டிலும் வரும். விசைப்படகுக்குப் போகும் வீட்டில் தடைக்காலத்தில் வராது. நம் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம் உண்டு: கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பள்ளி திறக்கும் ஜூனில், நீங்கள் ஆள் சேர்க்கும் அதே மாதத்தில், குளச்சல் பக்கத்து வீடுகளில் வருமானம் நின்றுபோயிருக்கும். குலசேகரம், அருமனைப் பக்கம் மழை விடாமல் பெய்தால் ரப்பர் பால் வெட்டு இல்லை, பால் வெட்டுபவருக்குக் கூலி இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு "ஆகஸ்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்" என்று சேரும் அன்றே, பிள்ளை இல்லாத நேரத்தில் அம்மாவிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். வகுப்பில் எல்லார் முன்னாலும் ஃபீஸ் கேட்கவே கூடாது. இத்தனை வருஷத்தில் இப்படிக் காத்திருந்து என் பணம் போனது மிகக் குறைவு.

இடம் மெயின் ரோட்டில் வேண்டாம். பள்ளியிலிருந்தோ வீட்டிலிருந்தோ பிள்ளைகள் நடந்து வரும் தூரம் போதும். மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட இடம் மலிவாகக் கிடைக்கும், எடுக்காதீர்கள். ஆனி மழையிலும் ஐப்பசி மழையிலும் அதன் அடியில் நீங்கள் பேசுவது உங்களுக்கே கேட்காது. ஓலைக் கொட்டகையை நினைத்தும் பார்க்க வேண்டாம். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று கூரை பற்றி எரிந்து 94 பிள்ளைகள் போனார்கள். வெளியே போக இரண்டு வழி இருக்கட்டும். சமையல் கேஸ் அதே சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. வகுப்பு நடக்கும்போது கதவு திறந்தே இருக்கட்டும், எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்திருக்கிறது என்று தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது 2012 போக்சோ சட்டப்படி குற்றம். இதை வேலைக்கு வருபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வேலைக்குப் பி.எஸ்சி. கணிதம் முடித்த பெண்கள் நம் ஊரில் நிறையக் கிடைப்பார்கள். இரண்டு வருஷத்தில் கல்யாணம், பி.எட்., ஆசிரியர் தேர்வு என்று போய்விடுவார்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. முதல் இரண்டு வாரம் அவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை என்ன நினைத்துத் தப்பாகப் போட்டது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். அந்த நோட்டு மையத்திலேயே இருந்தால் ஆள் மாறினாலும் பிள்ளை திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பள்ளியில் வேலை செய்யும் ஆசிரியரை மாலையில் கூப்பிடாதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது.

சட்டம் என்று பார்த்தால் ஆரம்பத்தில் பெரிய வேலை இல்லை. தனிநபர் தொழிலாக, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு செய்யுங்கள், இணையத்தில் இலவசம், இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். மையத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு. ஜிஎஸ்டி, வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான். ஆனால் ஒன்றிய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கு ஒரு வழிகாட்டுதலை மாநிலங்களுக்கு அனுப்பியிருக்கிறது. 50 பேருக்கு மேல் படிக்கும் இடங்களைப் பற்றியது அது: 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது, மதிப்பெண் உறுதி தரக் கூடாது, நடுவில் நிற்கும் பிள்ளைக்கு மீதி ஃபீஸைப் பத்து நாளில் திருப்ப வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. நான் 48-ல் நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு மேல் பெருக்க ஆசை வந்தால் ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து பேசிவிட்டுச் செய்யுங்கள். ஃபீஸ் திருப்பும் விஷயத்தை மட்டும் எட்டுப் பேர் இருக்கும்போதே பின்பற்றுங்கள்.

ஃப்ளெக்ஸ் வேண்டாம், பிள்ளைகள் படமும் மதிப்பெண்ணும் போட்ட நோட்டீஸும் வேண்டாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பெற்றோரை வரச் சொல்லி, சேர்ந்த அன்று போட்ட 20 கணக்குத் தாளையும் இந்த வாரத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். விளக்கம் பிள்ளையே சொல்லட்டும். அந்த அம்மா கோயிலுக்கோ பூசைக்கோ போகும்போது நாலு பேரிடம் சொல்லுவார். கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை, மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நவம்பர் 1 என்று நம் ஊர் விடுமுறைகளையும் சேர்த்து ஒரு காலண்டர் அச்சடித்துக் கொடுங்கள், மையத்தின் பெயர் வருஷம் முழுக்கச் சுவரில் தொங்கும்.

எப்போது தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மே மாதம். உங்கள் தெருவில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரைக் கூப்பிடுங்கள், ஃபீஸ் வேண்டாம். 20 கணக்கு கொடுத்து, ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் அந்தப் பிள்ளை என்ன நினைத்தது என்று அது சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் நான்கு நோட்டிலும் பத்துப் பத்துப் பக்கம் நிறைந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.